பொறிவண்டு வாழ என்ன வேண்டும்?

புதுச்சேரியை அடுத்த ஏம்பலம் பகுதியில் சம்பா அறுவடைக்குப் பின், காராமணி தழைத்திருக்கும் வயலோரம் சற்றே உட்கார்ந்து பாருங்கள். இளங்கொழுந்துகளில் கரிய அசுவினிகள் அப்பிக் கிடக்கும். அவற்றினிடையே பயறு மணியளவில், ஆரஞ்சு நிற முதுகில் கறுப்புக் கோடுகள் நெளியும் வண்டு ஒன்று நடந்துகொண்டிருக்கும். அதுதான் பொறிவண்டு. உழவரின் நண்பன் என்று அதனைப் போற்றுகிறோம். அந்த நண்பன் நம் வயலில் நிலைத்து வாழ என்னென்ன தேவை?

முதல் தேவை உணவு. அசுவினி செடியின் சாற்றை உறிஞ்சுகிறது. பொறிவண்டு அசுவினியைத் தின்கிறது. தாய் வண்டு தன் மஞ்சள் நிற முட்டைகளை அசுவினிக் கூட்டத்தின் அருகிலேயே கொத்தாக இடும். காரணம், முட்டையிலிருந்து வரும் புழுவுக்கு இறக்கை இல்லை. இரை அருகில் கிடைக்காவிட்டால் அது உடன்பிறந்த முட்டைகளையே தின்னத் தொடங்கிவிடும்! முதலைக்குட்டி போன்ற உருவமுடைய இந்தப் புழுவைத் தீய பூச்சி என்றெண்ணிப் பலர் நசுக்கிவிடுகின்றனர். புழு, கூட்டுப்புழு ஆகிய பருவங்களைக் கடந்து அதுவே வண்டாகிறது. நம் ஊர் வெப்பத்தில் இதற்கு ஏறக்குறைய இரண்டு மூன்று வாரங்களே ஆகும்.

இரண்டாவது தேவை ஒதுங்க இடம். அசுவினி குறையும் நாட்களில் பொறிவண்டு மகரந்தத்தைத் தின்று உயிர் தாங்கும். வரப்பில் பூக்கும் செடிகளும், ஓரத்தில் நட்ட மக்காச்சோளமும் அதற்குக் கைகொடுக்கும். உச்சிவெயிலுக்கு ஒதுங்கப் புல்பூண்டின் நிழலும் வேண்டும்.

மூன்றாவது தேவை நஞ்சில்லாத செடி. இதனை விளக்க ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஆரஞ்சு, எலுமிச்சைத் தோப்புகளை ஒருவகைச் செதில்பூச்சி அழித்து வந்தது. 1888ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கேபெலே என்பவர் ஆஸ்திரேலியா சென்று, அப்பூச்சியைத் தின்னும் வெடாலியா என்னும் பொறிவண்டை அனுப்பிவைத்தார். ஓராண்டு கழிவதற்குள் தோப்புகள் பிழைத்தன. 1928இல் அதே செதில்பூச்சி நம் நீலகிரியில் வாட்டில் மரங்களைத் தாக்கியபோதும் வெடாலியாவைத்தான் வரவழைத்தார்கள்.

ஆனால் இரண்டாம் உலகப்போருக்குப் பின் கலிபோர்னியாத் தோப்புகளில் டி.டி.டி. தெளித்தார்கள். வெடாலியா மடிந்தது, அடங்கியிருந்த செதில்பூச்சி மீண்டும் பெருகிற்று!

இது எப்படி நேர்ந்தது? மெழுகுப் போர்வைக்குள் இருந்த செதில்பூச்சியை மருந்து எளிதில் தீண்டவில்லை. வெளியே திரிந்த வண்டு சிக்கிக்கொண்டது. நம் காராமணியிலும் இவ்வகை ஆபத்து உண்டு. மருந்துக்குத் தப்பிய ஓர் அசுவினி, ஆணின் துணையின்றியே குட்டிகளை ஈனும்; சில நாட்களில் அக்குட்டிகளும் ஈனத் தொடங்கும். பொறிவண்டோ இணை தேடி, முட்டையிட்டு, வாரக்கணக்கில் வளரவேண்டும். மேலும், இரை பெருகிய பிறகே அது வயலுக்குத் திரும்பும். இந்த ஓட்டப்பந்தயத்தில் அசுவினியே முந்துகிறது.

ஆகவே, வயலில் சில அசுவினிகள் இருப்பது குற்றமன்று. அவை நம் நண்பனுக்கு இட்ட சோறு. ஒன்றுகூட இருக்கக்கூடாது என்று மருந்தடித்தால் நண்பனையும் பட்டினி போடுகிறோம்.

ஓர் எச்சரிக்கை. கத்தரி இலையைச் சல்லடையாக அரிக்கும் புள்ளிவண்டும் இதே குடும்பத்தைச் சேர்ந்ததே. அதன் முதுகு மெல்லிய மயிர் மூடி மங்கலாக இருக்கும். நண்பனின் முதுகோ பளபளக்கும்.

இப்பொழுது ஒரு பயிற்சி. மருந்தடிக்காத காராமணிச் செடி ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வாரங்கள், நாள்தோறும் அதிலுள்ள பொறிவண்டு, புழு, முட்டைக்கொத்து ஆகியவற்றை எண்ணிக் குறியுங்கள். அசுவினி கூடிற்றா, குறைந்ததா என்றும் எழுதுங்கள். முதலில் மாறுவது எது? உங்கள் குறிப்பேடே விடை சொல்லும்.