ரூ.3,111 வாடகைக்குப் போன கடலோர ஊர்! தரங்கம்பாடி கோட்டை சொல்லும் 400 வருஷக் கதை

தரங்கம்பாடி:

டென்மார்க் எங்கே இருக்கு? தரங்கம்பாடி எங்கே இருக்கு? வலை காயப்போடும் ஒரு மீனவ ஊரின் கரையில், ஐரோப்பாவின் ஒரு மூலையில் இருந்து வந்தவன் எதுக்காக கோட்டை கட்டினான்?

மயிலாடுதுறை மாவட்டம் தரங்கம்பாடிக்கு வரும் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. கடலைப் பார்த்து நிற்கும் மஞ்சள் நிற டேன்ஸ்போர்க் கோட்டையும், அதற்குள் இருக்கும் சின்ன அருங்காட்சியகமும்தான் அதற்கு பதில்.

மிளகு படுத்தியபாடு

எல்லாம் மிளகுக்காகத்தான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவில் மிளகுக்கு ஏக கிராக்கி. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், இங்கிலீஷ்காரர் என்று ஆளாளுக்கு கப்பல் விட்டார்கள். டென்மார்க் ராஜா நான்காம் கிறிஸ்டியானும் 1618ல் ஓவே கெட்டே என்ற தளபதி தலைமையில் கப்பல்களை அனுப்பினார்.

அதற்கு முன்னாடியே புறப்பட்டு வந்த ஒரு கப்பலை காரைக்கால் பக்கத்தில் போர்ச்சுக்கீசியர் மூழ்கடித்தார்கள். உயிர் தப்பிய கொஞ்சம் பேர் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் போய்ச் சேர்ந்தார்கள்.

நாயக்கருக்கும் ஒரு கணக்கு இருந்தது. பக்கத்தில் நாகப்பட்டினத்தில் போர்ச்சுக்கீசியர் கை ஓங்கி இருந்தது. அவர்களை நம்பாமல் வியாபாரம் செய்ய இன்னொரு துறைமுகம் கிடைத்தால் நல்லதுதானே! 1620 நவம்பரில் ஒப்பந்தம் முடிந்தது. வருஷத்துக்கு ரூ.3,111 வாடகை. தரங்கம்பாடி டேனிஷ்காரர் கைக்குப் போனது, கோட்டையும் எழும்பியது.

ஊருக்கு அதற்கு முன்பே பேரும் புகழும் உண்டு. இங்குள்ள மாசிலாமணிநாதர் கோவில் 1306ல் மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் கட்டப்பட்டது. அங்குள்ள கல்வெட்டு இந்த ஊரை சடங்கன்பாடி என்றும், குலசேகரப்பட்டினம் என்றும் சொல்கிறது. டேனிஷ்காரன் வாயில் அது 'டிரங்கேபார்' ஆகிவிட்டது.

30 வருஷம் கப்பலே வரலை

வாடகைக்கு எடுத்தவர்கள் ஒழுங்காகக் கட்டினார்களா? இல்லை. டென்மார்க் சண்டையிலும் கடனிலும் சிக்கியது. 1640 வாக்கில் இருந்து 1669 வரை, ஏறக்குறைய 30 வருஷம், அங்கிருந்து ஒரு கப்பல்கூட வரவில்லை. இங்கே இருந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள், சிலர் ஓடிப்போனார்கள். 1655ல் மிஞ்சியது எஸ்கில்ட் ஆண்டர்சன் கோங்ஸ்பாக்கே என்ற ஒரே ஒரு டேனிஷ்காரர். பெரிய குடும்பத்து ஆள் இல்லை, சாதாரண சிப்பாய்.

வாடகை பாக்கிக்காக நாயக்கரின் படை முற்றுகை போட்டபோதெல்லாம் அவர்தான் கோட்டையைக் காப்பாற்றினார். உள்ளூர் ஆட்களை வைத்து ஊரைச் சுற்றி மதிலும் எழுப்பினார். 1669ல் கப்பல் வந்தபோது கோட்டையில் டேனிஷ் கொடி பறந்து கொண்டிருந்தது!

கரை சேர்த்தது யார்?

இன்னொரு விஷயம். சோழ மண்டலக் கரையில் பெரிய கப்பல் கரை ஒட்டி வர முடியாது. ஆழம் இல்லை, அலையும் அதிகம். கப்பல் தூரத்தில் நங்கூரம் போடும். சரக்கையும் ஆட்களையும் கரை சேர்த்தது கட்டுமரமும், கயிற்றால் தைத்த மசூலா படகும்தான். அலையின் போக்கு தெரிந்த உள்ளூர் கடலோடிகள் இல்லாமல் ஒரு மூட்டை மிளகுகூட கப்பலில் ஏறியிருக்காது. கோட்டையின் கதையில் கவர்னர்கள் பெயர் எல்லாம் இருக்கிறது. துடுப்பு போட்டவர்கள் பெயர் எதிலும் இல்லை.

சீகன்பால்க் என்ற ஜெர்மன் பாதிரியார் 1706 ஜூலை 9ந்தேதி வந்திறங்கியதும் இந்தக் கரையில்தான். தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, 1715ல் பைபிளின் புதிய ஏற்பாட்டை தமிழில் அச்சிட்டு முடித்தார். பேப்பர் தட்டுப்பாடு வந்ததால் பக்கத்து ஊர் பொறையாரில் பேப்பர் ஆலையே தொடங்கினார்கள். தமிழில் முதல் புத்தகம் இங்கேதான் அச்சானது என்று சிலர் சொல்வது மட்டும் தப்பு. அது 1578ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்'.

விற்பனை ஆனது

வியாபாரம் படுத்ததும் 1845ல் டென்மார்க் ஊரை விற்றுவிட்டது. வங்காளத்து செராம்பூரோடு சேர்த்து ரூ.12½ லட்சத்துக்கு இங்கிலீஷ் கம்பெனி வாங்கியது. 1860களில் நாகப்பட்டினத்துக்கு ரெயில் வந்ததும் சரக்கெல்லாம் அந்தப் பக்கம் போனது. மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடிக்கு 1926ல் வந்த ரெயிலும் 1986ல் நின்றுபோனது.

கோட்டை சிறையாக இருந்தது, அப்புறம் பயணிகள் தங்கும் பங்களா ஆனது. 1978ல் தமிழக தொல்லியல் துறை கைக்கு வந்தபிறகுதான் அருங்காட்சியகம் உருவானது.

உள்ளே என்ன இருக்கு?

பழைய டேனிஷ் காசுகள், பீங்கான் சாமான்கள், சீனத்து தேயிலை ஜாடிகள், வாள், ஈட்டி, பீரங்கிக் குண்டுகள், சுடுமண் பொம்மைகள், திமிங்கல எலும்பு. அவ்வளவுதான். அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். காசுகளைக் கொஞ்சம் நின்று பாருங்கள். ஈயத்திலும் செம்பிலும் இங்கேயே அடித்தவை. டேனிஷ்காரர்கள் அதற்கு வைத்த பேர் 'காஸ்'. நம்ம 'காசு'தான்!

ரகுநாத நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்கு தங்கத் தகட்டில் அனுப்பிய கடிதத்தை இங்கே பார்க்க முடியாது. அது கோபன்ஹேகனில் பத்திரமாக இருக்கிறது. கம்பெனியின் ஆவணங்களும் அங்கேதான். ஊர்க்காரர்களுக்கு மிஞ்சி இருப்பது இந்தச் சின்ன கூடம்தான்.

கடல் கேட்காமல் எடுக்கிறது

அதனால்தான் கடல் அரிப்பு இங்கே வெறும் மண் அரிப்பு இல்லை. மாசிலாமணிநாதர் கோவிலின் முன்பகுதியை கடல் கொண்டுபோய்விட்டது. பாறாங்கல் போட்டுத்தான் மிச்சத்தைக் காப்பாற்றி இருக்கிறார்கள். 2004 டிசம்பர் 26ந்தேதி சுனாமி வந்தபோது கோட்டை நின்றது. கரையோர மீனவர் குடியிருப்புகள் நிற்கவில்லை. பலர் உயிரிழந்தார்கள். மிஞ்சிய குடும்பங்களில் பலருக்கு கரையில் இருந்து தள்ளி வீடு கட்டித் தரப்பட்டது.

ஊர்க்காரர்கள் கையிலும் ஒரு வேலை இருக்கிறது. மண் தோண்டும்போது பழைய காசோ, சிலையோ கிடைத்தால் என்ன செய்வது? புதைந்து கிடந்த பொருளின் மதிப்பு 10 ரூபாய்க்கு மேல் இருந்தால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ம் ஆண்டு புதையல் சட்டம். தாசில்தார் ஆபீசில் சொன்னாலே தகவல் மேலே போய்விடும். காசை இரும்புக்கடையில் போட்டால் பத்தோ இருபதோ கிடைக்கும். அருங்காட்சியகத்துக்குப் போனால் எந்த மண்ணில் கிடைத்தது என்ற விவரத்தோடு நம்ம ஊரிலேயே இருக்கும்.

1620ல் இந்த ஊரை வாடகைக்கு எடுத்தவன் 3,111 ரூபாய் பேசினான். 1845ல் வாங்கியவன் லட்சக்கணக்கில் கொடுத்தான். கடல் காசு கொடுக்காது, ஒப்பந்தமும் போடாது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் போய் பார்த்துவிட்டு வாங்க.