கறுப்பு பிளாஸ்டிக்கில் காய்ந்த வெள்ளை

ஆயுத பூஜை நெருங்கினால் வாட்டர் சர்வீஸ் கடைகளில் கார்கள் வரிசைகட்டி நிற்கும். கழுவி, வாக்ஸ் போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துக் கிளம்பும் வண்டி அன்றைக்குப் பளபளவென்றுதான் இருக்கும். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். பம்பரின் அடியிலும் சக்கர வளைவைச் சுற்றியும் இருக்கும் கறுப்பு பிளாஸ்டிக்கில் சுண்ணாம்பு தெளித்த மாதிரி வெள்ளைத் திட்டுகள் தெரியும். தண்ணீர் ஊற்றினால் மறையும். காய்ந்ததும் திரும்ப வந்துவிடும்.

பெயின்ட் அடித்த தகடு வழவழப்பானது. அதன்மேல் காய்ந்த வாக்ஸைத் துணியால் துடைத்தாலே வந்துவிடும். கறுப்பு பாகமோ பெரும்பாலும் பெயின்ட் அடிக்காத பாலிபுரொப்பிலீன். சிறு கீறல் விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாமலிருக்க, அதைச் சொரசொரப்பாகவே வார்க்கிறார்கள். அந்தக் குழிகளுக்குள் வாக்ஸ் இறங்கி, அதிலுள்ள கரைப்பான் ஆவியானதும் மெழுகும் மெருகூட்டும் தூளும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. துணியால் எவ்வளவு அழுத்தித் துடைத்தாலும் மேட்டைத்தான் தொடும், குழிக்குள் போகாது.

நம் ஊர் வெயிலே அதை உருக்கிவிடாதா என்று சிலர் கேட்பதுண்டு. வாக்ஸில் பெயர்பெற்ற கார்னௌபா, பிரேசிலின் வடகிழக்கில் வளரும் ஒரு பனை வகையின் இலையிலிருந்து எடுக்கப்படுவது. 80 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உருகும். வெயிலை நம்பிக் காத்திருப்பதில் பயனில்லை.

முதலில், அது வாக்ஸ்தானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பெயின்ட்டை ஒட்டிய ஓரத்தில் திட்டுத்திட்டாக, குழிகளில் மட்டும் வெள்ளை இருந்தால் வாக்ஸ். வெயில் படும் பக்கம் முழுக்க ஒரே சீராகச் சாம்பல் பூத்திருந்தால், அது பிளாஸ்டிக்கே வெளுத்துப்போனது. அதற்கு வைத்தியம் வேறு.

வாக்ஸ் என்று தெரிந்தால், வண்டியை நிழலில் நிறுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கார் ஷாம்பூ கலந்து, பழைய டூத் பிரஷ்ஷால் சிறுசிறு வட்டமாகத் தேயுங்கள். நுரை பால்போல வெளுத்தால் வாக்ஸ் வெளியேறுகிறது என்று அர்த்தம். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். விட்டுவிட்டால் பக்கத்துக் குழியில் போய்க் காயும். சின்னத் திட்டு என்றால் பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரே போதும். உலர்ந்த பிளாஸ்டிக்கில் தேய்த்தால், ரப்பர் துருவலோடு வெள்ளையும் உதிர்ந்து வரும். எனக்கு மிகவும் பிடித்த முறை இதுதான், எதுவும் கெடாது.

அதற்கும் மசியாத பழைய கறைக்கு, தலைமுடி காய வைக்கும் டிரையரை ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிறுத்தாமல் சூடு காட்டுங்கள். மெழுகு இளகும்போதே துடைத்துவிட்டு, மறுபடி பிரஷ் போடுங்கள். கடைசியாக, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சம அளவு தண்ணீரில் கலந்து துணியில் நனைத்துத் துடைக்கலாம். கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்த பிறகே செய்யுங்கள். பக்கத்தில் நெருப்பு கூடாது.

பெட்ரோல், தின்னர் பக்கமே போகாதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து ஒருபுறம். தின்னர் வழிந்தால் பக்கத்துப் பெயின்ட்டும் போய்விடும். உப்புத்தாளும் கம்பி நாரும் அதைவிட மோசம். சொரசொரப்பு தேய்ந்து அந்த இடம் மட்டும் மினுங்கும். அதைத் திரும்பக் கொண்டுவரவே முடியாது. வெள்ளை தெரியாமலிருக்க எண்ணெய்ப் பசையான பாலிஷைப் பூசி அனுப்புவதும் சரியல்ல. அது நாலு மழையில் கழுவிப்போனதும் அடியிலிருக்கும் வெள்ளை மீண்டும் தலைகாட்டும். சுத்தம் செய்த பிறகு பூசினால்தான் அதற்குப் பலன்.

இத்தனை பாடும் ஒரு சுருள் மாஸ்கிங் டேப் இருந்தால் தேவையே இல்லை. அடுத்த முறை வாக்ஸ் போட வண்டியை விடும்போது, கறுப்பு ஓரங்களுக்கெல்லாம் டேப் ஒட்டிவிட்டு ஆரம்பிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவசரக் கூட்டத்தில் முடியாது என்றால், வாக்ஸ் போடாமல் கழுவி மட்டும் தரச் சொல்லுங்கள். வாக்ஸை ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே வீட்டு நிழலில் போட்டுக்கொள்ளலாம்.