பாலைவனத்தின் அடியில் எவ்வளவு தண்ணீர்? வானத்தில் இருந்து எடை போட்டார்கள்!

விழிஞ்ஞத்தில் இருந்து வடக்கே கூப்பிடு தூரத்தில் இருக்கிறது கோவளம். இந்திய விண்வெளி ஆராய்ச்சிக்கு அடிகோலிய டாக்டர் விக்ரம் சாராபாய் 1971 டிசம்பர் 30-ந் தேதி காலமானது அங்கேதான். திருவனந்தபுரத்தைத் தாண்டி இன்னும் வடக்கே போனால் தும்பா. 1963 நவம்பர் 21-ந் தேதி அந்த மீனவர் கிராமத்தில் இருந்து முதல் ராக்கெட் வானில் பாய்ந்தது.

ஏழை நாட்டுக்கு ராக்கெட் எதற்கு என்று அந்த நாளில் கேட்டவர்கள் உண்டு. குடிக்கத் தண்ணீர் இல்லாதவனுக்கு வானத்தில் என்ன வேலை? நியாயமான கேள்விதான். அதற்கு ராஜஸ்தானத்துத் தார்ப் பாலைவனத்தில் ஒரு பதில் கிடைத்திருக்கிறது. பதிலில் ஒரு பாதி மகிழ்ச்சி தரும்; மறு பாதி வயிற்றைக் கலக்கும்.

கேரளத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லி மீட்டர் மழை. ஜெய்சல்மரில் 200 மில்லி மீட்டர் பெய்தால் நல்ல வருஷம். அங்கே கிணறு தோண்டுகிறவன் இடம் தவறிவிட்டால் உழைப்பும் பணமும் மண்ணோடு போயிற்று. ஆகவே எங்கே தோண்டுவது என்பதுதான் முதல் கேள்வி.

மணலுக்கு அடியில் பழைய ஆறு

1972-ல் அமெரிக்கா விட்ட லாண்ட்சாட் செயற்கைக்கோள் இதற்கு வழி காட்டியது. அதன் கருவி, நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் பதிவு செய்யும். பசுமையான செடி அந்த ஒளியைப் பலமாகத் திருப்பி அனுப்பும். தரையில் நிற்பவனுக்கு எங்கும் மணல், இடையிடையே புதர், அவ்வளவுதான். மேலே இருந்து எடுத்த படத்தில் அந்தப் புதர்களும் ஈரமும் ஒரே வரிசையாக, நெளிந்து நெளிந்து ஓடுவது தெரிந்தது. எப்போதோ ஓடி வறண்டுபோன ஆற்றின் தடம் அது! பேராசிரியர் யஷ்பாலும் அவரோடு சேர்ந்த விஞ்ஞானிகளும் 1980-ல் இந்தப் படங்களைக் கொண்டு கக்கர் ஆற்றின் பழைய தடங்களை வரைந்து காட்டினார்கள். அது வேதத்தில் வரும் சரஸ்வதியா, இல்லையா என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. தாகத்தில் இருப்பவனுக்கு அந்த வழக்கு எதற்கு? பழைய ஆற்று மணலில் தண்ணீர் தங்கும். அங்கே குழாய் இறக்கினால் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

சகாராவில் நடந்தது இன்னும் வியப்பு. 1981 நவம்பரில் கொலம்பியா விண்வெளி ஓடத்தில் சென்ற ராடார், காய்ந்த மணலை ஊடுருவி, அடியில் புதைந்து கிடந்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் படம் பிடித்துவிட்டது.

ஆனால் படம் எடுத்தால் இடம்தான் தெரியும். அடியில் எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு குறைகிறது என்பது தெரியாது. அதற்கு வேறு யுக்தி வேண்டியிருந்தது.

எடை போடும் இரட்டையர்

2002 மார்ச் 17-ந் தேதி அமெரிக்காவும் ஜெர்மனியும் சேர்ந்து கிரேஸ் என்ற பெயரில் இரண்டு செயற்கைக்கோள்களை அனுப்பின. சுமார் 500 கிலோ மீட்டர் உயரத்தில், ஒன்றுக்குப் பின் ஒன்றாக, இடையே 220 கிலோ மீட்டர் விட்டு அவை சுற்றின. ஒன்றை ஒன்று துரத்துவதால் விஞ்ஞானிகள் வைத்த செல்லப் பெயர் டாம், ஜெர்ரி!

தரையை அவை படம் எடுக்கவில்லை. ஒன்றுக்கொன்று உள்ள தூரத்தை ஓயாமல் அளந்தன. கீழே எடை மிகுந்த இடம் வந்தால் அதன் ஈர்ப்பு முதலில் முன்னே போகிறதை இழுக்கும். இடைவெளி கொஞ்சம் கூடும். பிறகு பின்னே வருவதும் இழுக்கப்படும்; இடைவெளி குறையும். இந்த மாற்றம் தலைமயிரின் தடிமனில் ஒரு சிறு பங்கே இருக்கும். அதையும் அளந்தார்கள். மாதம் ஒரு முறை பூமியின் எடைக் கணக்கு தயார். மலையும் பாறையும் மாதத்துக்கு மாதம் மாறுவதில்லை. மாறுவது பெரும்பாலும் தண்ணீர். அதில் மண்ணின் ஈரம், பனி, ஆறு, ஏரி ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது நிலத்தடி நீரின் ஏற்ற இறக்கம்.

2009-ல் மாத்யூ ரோடெல், இசபெல்லா வெலிகோனா, ஜேம்ஸ் பாமிலியெட்டி என்ற மூன்று விஞ்ஞானிகள், ராஜஸ்தான், டெல்லி உள்ளிட்ட அரியானா, பஞ்சாப் ஆகிய பகுதிகளின் கணக்கை வெளியிட்டார்கள். 2002 ஆகஸ்டில் இருந்து 2008 அக்டோபர் வரை, ஆறே ஆண்டுகளில், அங்கே குறைந்த நிலத்தடி நீர் 109 கன கிலோ மீட்டர்! நமக்குப் பழகிய கணக்கில் சொன்னால் சுமார் 3,850 டி.எம்.சி. மேட்டூர் அணை முழுக் கொள்ளளவை எட்டினால் 93 டி.எம்.சி. சொச்சம். அப்படி நாற்பது மேட்டூர் தண்ணீர் போயிருக்கிறது.

வறட்சியினாலா? இல்லை. அந்த ஆண்டுகளில் மழை ஏறக்குறைய வழக்கம்போலவே பெய்தது. நெல்லுக்கும் கோதுமைக்கும் இரவு பகலாக ஓடிய பம்பு செட்டுகள்தான் காரணம். வட்டியைச் செலவழித்தால் குற்றமில்லை, இங்கே பி.எப். பணத்தின் முதலையே எடுத்துத் தின்றிருக்கிறோம். பாலைவனத்து ஆழ்நீரில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பெய்த மழை. நாளைக்கே திரும்பி வராது.

அதே 2009-ல் பஞ்சாப் அரசு, ஜூன் 10-ந் தேதிக்கு முன் நெல் நாற்று நடக் கூடாது என்று சட்டம் போட்டது. கோடை உச்சியில் வயலில் தண்ணீரைக் கட்டி ஆவியாக விடுவதைத் தடுக்க! நம்மவர் பலர் பிழைக்கப் போகும் சவூதி அரேபியாவும் இதே பாடத்தைப் படித்தது. பாலையின் ஆழ்நீரை இறைத்துக் கோதுமை விளைவித்த அந்நாடு, உள்நாட்டுக் கோதுமைக் கொள்முதலைப் படிப்படியாகக் குறைத்து 2016-ல் நிறுத்தியது.

விழிஞ்ஞத்துக் கிணற்றுக்கு உதவுமா?

உதவாது. இந்தத் தராசின் ஒரு தட்டு 300 கிலோ மீட்டருக்கு மேல் அகலம். அதில் கேரளத்தின் குறுக்களவு முழுவதும், பக்கத்துத் தமிழ்நாட்டின் ஒரு பகுதியும், அரபிக்கடலும் சேர்ந்தே விழும். கடலின் எடை கிணற்றின் எடையை மறைத்துவிடும். கடற்கரைக் கிணற்றின் ஆபத்தோ நுணுக்கமானது. உப்பு நீரின் மேல் நல்ல நீர் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நல்ல நீர் இருந்தால் கீழே நாற்பது அடி வரை அது உப்பைத் தள்ளி நிறுத்தும். அந்த ஓர் அடியை இறைத்துத் தீர்த்தால் உப்பு மேலே ஏறிவிடும். இதை அறிய இன்றும் கிணற்றில் நாடாவை விட்டு அளக்க வேண்டும். நீரை எடுத்துச் சோதிக்க வேண்டும். மத்திய நிலத்தடி நீர் வாரியம் நாடெங்கும் ஆயிரக்கணக்கான கிணறுகளில் ஆண்டுக்கு நான்கு முறை மட்டம் பார்ப்பது இதற்காகத்தான்.

பழைய இரட்டையர் 2017-ல் ஓய்ந்தனர். 2018 மே மாதம் புதிய ஜோடி போயிருக்கிறது. 2025 ஜூலை 30-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து உருவாக்கிய நிசார் செயற்கைக்கோள் ஏறியது. அதைச் சுமந்து சென்ற ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட் உருவானதில் தும்பாவுக்குப் பெரும் பங்கு உண்டு. தண்ணீரை உறிஞ்ச உறிஞ்சத் தரை தாழும். அந்தத் தாழ்வை நிசாரின் ராடார் 12 நாளுக்கு ஒரு முறை பார்க்கும்.

இதற்கு முன்பே ஐரோப்பிய ராடார் ஒன்று இதைச் செய்து காட்டியிருக்கிறது. டெல்லி விமான நிலையத்துக்கு அருகே கபஷேராவில் தரை ஆண்டுக்கு 11 செண்டி மீட்டருக்கு மேல் இறங்குவதை அது கண்டது. பக்கத்திலேயே துவாரகா குடியிருப்பில் கதை வேறு. அங்கே குழாய்க் கிணறுகளைக் கட்டுப்படுத்தி, மழைநீரை நிலத்துக்குள் விட்டார்கள். தரை இறங்குவது நின்று, மெல்ல மேலே எழும்பத் தொடங்கியது.