குடல் நோயும் நம்ம ரத்தக் கணக்கும்

என் தங்கை பேரனுக்கு 27 வயதில் ஓயாத வயிற்றுப்போக்கு, ரத்தம், எடைக் குறைவு. குடல் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை கொடுத்தாங்க. குறையவில்லை. பிறகுதான் அது 'கிரோன்' நோய் என்று தெரிந்தது. பேசி முடித்திருந்த சம்பந்தமும் அதோடு நின்றுபோயிற்று. "பரம்பரை வியாதியாமே?" என்று பெண் வீட்டார் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பாத்திரக் கடைக்காரனான நான் அதன்பின் படித்தும் கேட்டும் அறிந்ததை நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்கிறேன்.

குடல் அழற்சி நோய் இரண்டு வகை. ஒன்று, வாய் முதல் ஆசனவாய் வரை எங்கும் வரக்கூடிய கிரோன் நோய். 1932-இல் நியூயார்க்கில் இதை விவரித்த மருத்துவர்களில் ஒருவரான பரில் கிரோன் பெயரே இதற்கு நிலைத்தது. மற்றொன்று, பெருங்குடலின் உட்சுவரைப் புண்ணாக்கும் நோய். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி குடலையே தாக்குகிறது. இது ஒட்டுவாரொட்டி அல்ல. கிரோனும் குடல் காசநோயும் பார்வைக்கு ஒன்றுபோல இருப்பதால் நம் நாட்டில் குழப்பம் அதிகம்.

2001-இல் பாரிசிலும் அமெரிக்காவிலும் இரு குழுவினர் 'நாட்-2' என்னும் மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். குடலில் உள்ள பாக்டீரியாவை மோப்பம் பிடிக்கும் மரபணு இது. இதில் சில மாற்றங்கள் இருந்தால் ஐரோப்பியருக்குக் கிரோன் நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது. சரி, நம்மவர்க்கு?

இந்தக் கேள்வியை நம்ம ஐதராபாத்திலேயே கேட்டார்கள். நோயாளிகளைப் பார்க்கும் ஏ.ஐ.ஜி. மருத்துவமனையின் டாக்டர் ரூபா பானர்ஜி, டாக்டர் நாகேஸ்வர ரெட்டி ஒரு பக்கம். ஹப்சிகுடாவில் உள்ள சி.சி.எம்.பி. ஆய்வகத்தின் கிரிராஜ் சாண்டக் முதலியோர் மறுபக்கம். 2011-இல் வெளியான இவர்கள் முடிவு: 'நாட்-2'விலும், 'ஐ.எல்.23 ஆர்' என்ற இன்னொரு மரபணுவிலும் மேல்நாட்டில் பரவலாகக் காணும் மாற்றங்களுக்கும் இந்தியரின் இந்த நோய்க்கும் தொடர்பில்லை. 2008-இல் வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ராமகிருஷ்ணா குழுவினரும் 'நாட்-2' பற்றி இதையே கண்டிருந்தார்கள்.

"இல்லை" என்று சொல்வதா ஆராய்ச்சி என்று தோன்றலாம். வெளியூர் விலைப்பட்டியலை வைத்து நம்ம ஊரில் சரக்குப் போட்டால் நட்டம்தான். அதுபோல, அந்தப் பட்டியலை மட்டும் நம்பிச் செய்யும் மரபணுப் பரிசோதனை "ஒன்றுமில்லை" என்று காட்டினால், நோய் உள்ளவன் ஏமாந்துபோவான்.

அப்படியானால் பரம்பரை வியாதியா? பாதி உண்மை. இன்று 200-க்கும் மேற்பட்ட மரபணு இடங்கள் இந்த நோயோடு சேர்த்துப் பேசப்படுகின்றன. பெரும்பாலும் ஒவ்வொன்றின் பங்கும் சிறிது. ரத்த உறவில் ஒருவருக்கு இருந்தால் வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆனால் பெரும்பாலான நோயாளிகளின் குடும்பத்தில் வேறு யாருக்கும் இது இருப்பதில்லை. ஒரு தலைமுறைக்குள் ரத்தம் மாறாது. சாப்பாடும் வாழ்க்கையும்தான் மாறும். நோய் பெருகுவதற்கு அதையே ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். ஏ.ஐ.ஜி. குழுவினர் வயிற்றுக் கோளாறு உள்ள 30,000-க்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து 2023-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டணம் கிராமம் என்ற பெரிய வித்தியாசமில்லாமல் இந்த நோய் தென்பட்டது.

ஆகவே அன்பர்களே, மலத்தில் ரத்தம், வாரக்கணக்கில் பேதி, எடைக் குறைவு என்றால் வெந்தயமும் மோரும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். காசநோய் மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று மாதத்தில் தேறவில்லையானால், தானாக நிறுத்தாமல், "மறுபடி குடலைப் பார்க்கலாமா?" என்று டாக்டரைக் கேளுங்கள். சம்பந்தம் பேசும்போது மறைக்கவும் வேண்டாம். கேட்டவுடன் பயந்து ஓடவும் வேண்டாம்.

பேரன் இப்போது மருந்தில் நன்றாக இருக்கிறான். என் கடைக் கணக்கை அவன்தான் பார்க்கிறான். அன்று கேட்ட பெண் வீட்டாருக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்.