லயத்துக்குள் ஓர் இலக்கணம்



விகுதி சேரும்போது ஆங்கிலச் சொல்லின் எழுத்து ஏன் மாறுகிறது? சப்ரகமுவத் தோட்டங்களில் ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்ட கேள்வி இது. மனப்பாடம் செய்வதுதான் வழி என்று பெரியவர்கள் சொல்லிவிடுகிறார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். விடையின் பெரும்பகுதி அந்தப் பிள்ளைகள் பேசும் தமிழிலேயே இருக்கிறது.

கேகாலை மாவட்டத்து ரப்பர் தோட்டங்களில் நடக்கும் பால்வெட்டை எடுத்துக்கொள்வோம். ஆங்கிலத்தில் அது 'டெப்'. டி, ஏ, பி என்று மூன்றே எழுத்து. 'இங்' விகுதி சேர்ந்து 'டெப்பிங்' ஆகும்போது பி இரட்டிக்கிறது. ஓரசைச் சொல்லில், குறுகி ஒலிக்கும் ஓர் உயிரெழுத்தை அடுத்து ஒரே மெய் நின்றால், உயிரில் தொடங்கும் விகுதியின் முன் அந்த மெய் இரட்டிக்கும். இதுவே பொதுவிதி.

இது நமக்குப் புதிதா? 'கல்' என்பதோடு 'இல்' சேர்ந்தால் 'கல்லில்'. தனிக்குறிலை அடுத்த ஒற்று, உயிர் வந்தால் இரட்டிக்கும் என்று 13ஆம் நூற்றாண்டிலேயே நன்னூலார் விதி செய்துவிட்டார். இறக்குவானைக்குப் போகிறவர் 'பஸ்ஸில் போனேன்' என்பதும் இவ்விதிப்படிதான். 'கார்' என்பதில் நெடில் இருப்பதால் 'காரில்' என்று இரட்டிக்காமல் நிற்கிறது.

அடுத்தது, பயன்பாட்டைக் குறிக்கும் 'யூஸ்'. யூ, எஸ், இ என்று எழுதுகிறோம். கடைசி இ ஒலிப்பதில்லை. 'யூசிங்' என்னும்போது அது மறைகிறது. மெய்யில் தொடங்கும் விகுதி சேர்ந்த 'யூஸ்புல்' என்பதில் நிலைக்கிறது. நமது 'கொழுந்து' என்ற சொல்லைப் பாருங்கள். 'கொழுந்தில்' என்னும்போது உகரம் மறைகிறது. 'கொழுந்துக்கு' என்னும்போது நிற்கிறது.

ஒப்புமைக்கு எல்லையும் உண்டு. 'பிகின்' என்ற சொல்லில் அழுத்தம் ஈற்றசையில் விழுவதால் 'பிகினிங்' என்பதில் என் இரட்டிக்கிறது. 'ஓப்பன்' என்பதில் அழுத்தம் முதலசையில் விழுவதால் 'ஓப்பனிங்' இரட்டிக்காது. இத்தகைய அழுத்த விதி தமிழில் இல்லை. இதனைத் தனியாகவே கற்க வேண்டும்.

இனி, தோட்டத்துச் சொல் ஒன்று. வரிசை வீடுகளைக் குறித்த 'லைன்' என்ற ஆங்கிலச் சொல், மலையகத்தார் நாவில் 'லயன்' ஆகி, 'லயம்' ஆயிற்று. "இது சிதைந்த ஆங்கிலம், எழுத்தில் தவிர்க்க வேண்டும்" என்று ஒரு கூட்டத்தில் ஒருவர் கூறக் கேட்டேன். என்னால் அதை ஏற்க முடியவில்லை. 'மரம்' மரத்தில் ஆவதைப் போலவே 'லயம்' அத்துச் சாரியை பெற்று 'லயத்தில்', 'லயத்துக்கு' என்று வருகிறது. தமிழ் வேற்றுமை உருபை இவ்வளவு இயல்பாக ஏற்ற பிறகு, அது தமிழ்ச் சொல்லாகிவிட்டது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

அந்நியச் சொல்லுக்குத் தமிழில் குடியுரிமை கொடுத்த இம்மக்களில் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. எஞ்சியிருந்தோருக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டமே வழி திறந்தது. அவர்களுடைய பேச்சையும் இலக்கணமற்றது என்று ஒதுக்குவது இன்னொரு அநீதி.

ஆகவே ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். கரும்பலகையில் 'டெப்பிங்' என்று எழுதுமுன் 'பஸ்ஸில்' என்று பிள்ளைகளைச் சொல்லச் சொல்லுங்கள். விதியில் ஒரு பாதி ஏற்கெனவே தம் வசமிருப்பதை அவர்கள் கண்டுகொள்வார்கள்.