ஸ்டாக் இல்லாத மாத்திரை

அவசரக் கருத்தடை மாத்திரை கருவைக் கலைப்பதில்லை. அதிலுள்ள லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன், சினைப்பையிலிருந்து முட்டை வெளியேறுவதைத் தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். கரு ஏற்கெனவே தங்கிவிட்டிருந்தால் அதை ஒன்றும் செய்யாது. கருக்கலைப்புக்குத் தரப்படும் மிஃபெப்ரிஸ்டோன், மிசோப்ரோஸ்டால் இரண்டும் வேறு மருந்துகள். அவற்றுக்கு மருத்துவர் சீட்டு கட்டாயம். இந்த இரு வகையையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது, மருந்தாளுநர்களிடையே நடந்த ஆய்வுகளில் பல நாடுகளிலும் தென்பட்ட குறை.

இந்தியாவில் 0.75 மி.கி. லெவோநார்ஜெஸ்ட்ரல் மாத்திரையைச் சீட்டில்லாமல் விற்க 2005-இல் அனுமதி வந்தது. 2007-இல் சிப்லா நிறுவனம் ஐ-பில் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் கதை வேறு. தடை ஏதும் இல்லை என்று அதிகாரிகள் சொன்ன பிறகும், சென்னையிலேயே பல கடைகள் இதை வைப்பதில்லை என்று செய்திகள் வந்தபடி இருக்கின்றன. கேட்டால் 'ஸ்டாக் இல்லை' என்பார்கள். அல்லது சீட்டு கேட்பார்கள்.

காஞ்சிபுரம் போன்ற ஊரில் சிக்கல் இன்னும் கூடுதல். அங்குள்ள பிள்ளையார்பாளையத்தில் தறி ஓடும் வீடுகள் நெருக்கியடித்து நிற்கின்றன. இப்படிப்பட்ட தெருவில் கடைக்காரரே அண்ணன், மாமா என்று முறை சொல்லிக் கூப்பிடத் தக்கவராக இருப்பார். அவரிடம் இந்த மாத்திரையின் பெயரைச் சொல்லவே நா எழாது. 'யாருக்கும்மா? கல்யாணம் ஆயிடுச்சா?' என்று அவர் கேட்டுவிட்டால் வாங்க வந்தவர் திரும்பிவிடுவார். அந்தக் கேள்விகளால் மருத்துவப் பயன் எதுவுமில்லை. கல்லூரிப் பெண்கள் கெட்டுப்போவார்கள் என்ற கவலைதான் அவற்றின் பின்னால் இருக்கிறது. ஆணுறை கிழிந்துபோன, இரண்டு பிள்ளை பெற்ற நெசவாளர் வீட்டுப் பெண்ணுக்கும் இதே மாத்திரைதான் தேவைப்படுகிறது என்பது யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

கேட்க வேண்டியவை வேறு. உறவு நடந்து எத்தனை மணி நேரம் ஆயிற்று? 72 மணி நேரத்துக்குள் என்பது வழக்கமான கணக்கு. 120 மணி வரை எடுக்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆனால் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். காசநோய்க்கோ வலிப்புக்கோ மாத்திரை சாப்பிடுகிறாரா? ரிஃபாம்பிசின், ஃபெனிடாயின், கார்பமாசெபின் ஆகியவை இதன் பலனைக் குறைத்துவிடும். இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் மறுபடி அதே அளவு மாத்திரை தேவை. அடுத்த மாதவிடாய் சில நாள் முன்பின் ஆகலாம். ஒரு வாரத்துக்கு மேல் தள்ளினால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

மாத்திரையைவிட உறுதியானது, ஐந்து நாளுக்குள் பொருத்தப்படும் காப்பர் டி. அரசு மருத்துவமனைகளில் அதைக் கட்டணமின்றிப் பொருத்துகிறார்கள். மாத்திரை இல்லையென்று கைவிரிக்கும் கடைக்காரர் அந்த வழியையாவது சொல்லி அனுப்பலாம்.