பத்து, கட்டு, ஒத்தடம்: மூன்றும் ஒன்றல்ல

"நெத்தியில சுக்குப் பத்து போடு" என்கிறோமே, அந்தப் 'பத்து' எண் இல்லை. காற்று 'காத்து' ஆனது போல, பற்று 'பத்து' ஆகியிருக்கிறது. தோலைப் பற்றிக்கொண்டு நிற்பதால் பற்று.

சித்த மருத்துவம் புற மருந்துகளை 32 வகையாகப் பிரிக்கிறது. அந்தப் பட்டியலைப் படித்தபோது என்னைக் கவர்ந்தது, பல பெயர்கள் மருந்துச் சரக்கைச் சொல்லவில்லை, செய்யும் விதத்தைச் சொல்கின்றன என்பதுதான். அரைத்துக் கெட்டியாக அப்பினால் பற்று. இலையையோ பட்டையையோ நசுக்கியோ வேகவைத்தோ, வைத்துத் துணியால் கட்டினால் கட்டு. சூடாக்கித் துணியில் முடிந்து ஒற்றி ஒற்றி எடுத்தால் ஒற்றடம். நம்ம பேச்சில் ஒத்தடம். மெல்லிசாகத் தடவினால் பூச்சு. மாவைக் கிண்டி வைத்தால் களி. ஒரே நொச்சி இலையைக் கட்டாகவும் வைக்கலாம், ஒத்தடமாகவும் கொடுக்கலாம். சரக்கு ஒன்று, வேலை வேறு.

இதில் 'களி' சுவாரசியமானது. ஆங்கிலத்தில் இந்த வகை வைத்தியத்துக்குப் 'போல்டிஸ்' என்று பெயர். அதன் வேர் 'புல்ஸ்' என்ற லத்தீன் சொல். பழைய ரோமானியர்கள் சாப்பிட்ட தானியக் களி அது. 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஆளிவிதை மாவைக் கிண்டி, துணியில் பரப்பி, நெஞ்சுச் சளிக்கும் கட்டிக்கும் வைப்பது சாதாரண வைத்தியம். இரண்டு ஊரிலும் அடுப்படிதான் மருந்துச்சாலையாக இருந்திருக்கிறது.

ஏன் களி? வெந்நீர்த் துணி சீக்கிரம் ஆறிவிடும். கெட்டியான கூழில் இருக்கும் நீர் எளிதில் புரண்டு கலக்காது, அதனால் சூடு மெல்ல மெல்லத்தான் இறங்கும். அந்த ஈரச்சூட்டில் ரத்தக் குழாய்கள் விரிகின்றன, தசை இறுக்கம் தளர்கிறது. 'கட்டி பழுக்க வைக்கிறது' என்று பெரியவங்க சொன்னதில் பாதி வேலை இந்தச் சூட்டுடையது.

எல்லாமே சூடுதான் என்றும் சொல்லிவிட முடியாது. கடுகை முழுசாகத் தொட்டால் காரம் தெரியாது. அரைத்துத் தண்ணீர் விட்டதும் அதிலுள்ள நொதி வேலை செய்து காரமான எண்ணெய் உருவாகிறது. கொதிநீர் ஊற்றினால் நொதி கெட்டுவிடும், காரமும் வராது. அதனால்தான் கடுகுப் பத்துக்கு வெதுவெதுப்பான நீர். அதையே அதிக நேரம் விட்டால் தோல் கொப்பளித்துவிடும்.

சூடும் காரமும் இல்லாத உதாரணமும் உண்டு. பால் கட்டிக்கொண்ட தாய்மார்களுக்கு மார்பில் மல்லிகைப் பூ வைத்துக் கட்டுவது நம்ம பக்கத்து வழக்கம். 1988-ல் ஒரு மகப்பேறு மருத்துவ ஆய்விதழில், இதைப் பால் நிறுத்தும் மாத்திரையான புரோமோகிரிப்டினோடு ஒப்பிட்ட ஆய்வு வெளியானது. பால் சுரக்கத் தூண்டும் ஹார்மோனை மாத்திரை கூடுதலாகக் குறைத்தது. ஆனால் பால் கட்டு, பால் சுரப்பு, வலி மாத்திரைத் தேவை இவற்றில் இரண்டும் ஒரே அளவுக்குப் பலன் தந்தன. சிறிய ஆய்வுதான், ஆனாலும் பாட்டி வைத்தியத்தைச் சோதித்துப் பார்க்க முடியும் என்பதற்கு நல்ல சாட்சி.

இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புகளைப் பாருங்கள். "பூண்டை அரைத்து மூட்டில் கட்டவும்" என்று முடிந்துவிடும். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம், யாருக்குக் கூடாது என்பதெல்லாம் இருக்காது. பச்சைப் பூண்டை ராத்திரி முழுக்கக் கட்டி வைத்தால் தோல் வெந்து புண்ணாகும். சர்க்கரை நோயால் கால் மரத்துப் போனவருக்குச் சூடே உறைக்காது. வெந்த பிறகுதான் கண்ணில் படும். எலும்பு முறிவின் மேல் இறுக்கிக் கட்டினால் ரத்த ஓட்டமே நின்றுபோகலாம்.

திறந்த புண்ணில் எதையும் அப்பக் கூடாது. பிறந்த குழந்தையின் தொப்புளில் சாணம் வைக்கும் பழக்கம் பல குழந்தைகளுக்கு ரணஜன்னியைக் கொடுத்திருக்கிறது. பழசு என்பதாலேயே ஒன்று மருந்தாகிவிடாது.

அரைப்பது ஒரு கை வேலை. விரல் வைத்துச் சூடு பார்ப்பது, எரிகிறதா என்று கேட்டுக்கொண்டே இருப்பது, காய்ந்ததும் நனைத்து எடுப்பது, இவை இன்னொரு பாதி. அடுத்த முறை பத்து போடச் சொல்லி யாராவது குறிப்பு அனுப்பினால், "எப்போ எடுக்கணும்?" என்று முதலில் கேளுங்கள்.